ஆடப் போனியா, நிக்கப் போனியா?

புரோ கபடி பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் வயிற்றெரிச்சல் உடனே புரிந்துவிடும். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நம் அணி மூன்று புள்ளி பின்னால். எதிரணி ரைடர் வருகிறார். பாக் லைனைத் தாண்டி ஒரு காலை வைக்கிறார். அவ்வளவுதான், உடனே பின்வாங்கி நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதற்குமேல் இடது பக்கம் இரண்டு அடி, வலது பக்கம் இரண்டு அடி. தொடையில் ஒரு தட்டு. திரையின் மூலையில் 30 என்று தொடங்கிய எண் 20 ஆகிறது, 10 ஆகிறது. கடைசி நொடியில் திரும்பித் தன் பக்கம் போய்விடுகிறார். யாரும் யாரையும் தொடவில்லை. அரை நிமிடம் போயே போச்சு.

எங்கள் வீட்டில் இந்த நேரத்தில் செல்போனை என் மாமியாரிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவேன். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே சீரியல் பார்க்கும்போது கபடி பார்க்கிறவர். கை நீட்டி திரையில் இருக்கிற ஆளையே தள்ளிவிடப் பார்ப்பார். "ஏண்டா, ஆடப் போனியா, நிக்கப் போனியா?" என்று அவர் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் ரெட்டிபாளையம், அரியலூர் மாவட்டம். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட், லாரி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கடல் என்கிறார்கள். பள்ளம் தோண்டினால் சிப்பி கிடைக்கும், கல்லாகிப்போன சிப்பி. காலத்தைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்வேன். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். கபடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால் மாமனார் ஆடினவர், மாமியார் பார்க்கிறவர், பெரிய பையன் ஆடுகிறவன். மூன்று பேருக்கும் நடுவில் சோறு போடுகிறவள் நான். அதனால் எல்லோர் புலம்பலும் என்னிடம்தான் வந்து சேரும்.

அத்தைக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் காலத்தில் சடுகுடுவுக்கு வாட்ச் கிடையாது. மூச்சுதான் வாட்ச். பாடிக்கொண்டு போகிறவர் பாட்டு அறுபடாமல் எதிர்ப்பக்கம் நிற்கிற வரைக்கும் அவர் நேரம். மூச்சு விட்டால் அவுட். மாமனார் எவ்வளவு நேரம் பாடுவார் என்று கேட்டால் அத்தை நொடிக்கணக்கு சொல்ல மாட்டார். "நான் ஒரு படி அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்து பாப்பேன், இன்னும் பாடிக்கிட்டிருப்பாரு" என்பார். அதில் எத்தனை பங்கு பாசம், எத்தனை பங்கு கணக்கு என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூச்சு வாட்சாக இருந்தபோது நேரத்தை வீணடிக்கவே முடியாது. வீணடிக்கிறவன் தன் நெஞ்சுக்கூட்டிலிருந்துதான் அதை எடுத்துச் செலவு செய்யவேண்டும். சும்மா நின்றாலும் நுரையீரல் காலியாகிக்கொண்டேதான் இருக்கும். அப்படி இருக்கும்போது எவன் சும்மா நிற்பான்? ஒரே மூச்சில் 'கபடி கபடி' சொல்லவேண்டும் என்பது இன்றைக்கும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. சொல்லாவிட்டால் நடுவர் கண்டிப்பார். ஆனால் அதற்கு மேலே 30 நொடி என்று ஒரு கடிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த 30 நொடி ரைடர் பையிலிருந்து போவதில்லை, ஆட்டத்தின் 40 நிமிடத்திலிருந்து போகிறது. அதாவது பார்க்கிற நம்முடைய பையிலிருந்து.

30 நொடியை நான் குறை சொல்லவில்லை. 2014-ல் எட்டு அணிகளோடு புரோ கபடி வந்தபோது, இந்த 30 நொடியும் 'டூ ஆர் டை' ரைடும்தான் டி.வி. பார்க்கிறவர்களை உட்கார வைத்தன. இரண்டு ரைடு தொடர்ந்து வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் அவுட். ரொம்ப நல்ல விதி. ஆட்டத்துக்கு நடுவில் அது பிரமாதமாக வேலை செய்கிறது. ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் கோளாறு. ஏனென்றால், முன்னிலையில் இருக்கிற அணி புத்திசாலியாக இருந்தால் அந்த இரண்டு வெற்று ரைடையும் கடைசி இரண்டு நிமிடத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 120 நொடி மீதி. முன்னிலையில் இருப்பவர் ஒரு ரைடில் 30 தின்கிறார், அடுத்ததில் இன்னொரு 30. பாதி போச்சு. மிச்சம் அறுபதில்தான் பின்தங்கிய அணி ஓடிவந்து தொட்டு, ஓடிப்போய், மறுபடி வந்து தொடவேண்டும். எதிரே ஏழு பேரும் கோடு போட்ட மாதிரி பின்னால் ஒட்டி நிற்பார்கள். யாரும் பிடிக்க முன்னால் வரமாட்டார்கள். வந்தால்தானே ஆபத்து?

என் தம்பி அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். வாரக்கடைசியில் வீடியோ காலில் வருவான். அத்தையின் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அக்கா, இங்க வந்து பாரு, இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான்" என்றான். அவர்கள் ஊர் ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. கடிகாரப்படி 60 நிமிடம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். ஒரு பத்திரிகைக்காரர்கள் கணக்கெடுத்துப் பார்த்ததில், பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருந்தது சுமார் 11 நிமிடமாம்! பாக்கி நேரமெல்லாம் கூடிப் பேசுவது, நிற்பது, விளம்பரம்.

கடைசியில் இன்னும் விசேஷம். முன்னிலையில் இருக்கிற அணியின் கையில் பந்து. எதிரணியிடம் டைம் அவுட் மிச்சமில்லை. பந்தை வாங்குகிற ஆள் வாங்கிய வேகத்தில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவார். ஆட்டம் அந்த நொடியே நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடும். அடுத்தமுறை பந்தை எடுக்க 40 நொடி அவகாசம் உண்டு. அதை முழுசாகத் தின்றுவிட்டு மறுபடி முழங்கால். மூன்று முறை இப்படிச் செய்தால் இரண்டு நிமிடம் காலி. 70,000 பேர் காசு கொடுத்து வந்து, ஒரு மனிதர் சாமி கும்பிடுகிற மாதிரி முழங்கால் போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். "எங்க ஆளுங்க கத்துவாங்க, திட்டுவாங்க, அடுத்த வாரம் மறுபடி டிக்கெட் எடுப்பாங்க" என்றான் தம்பி. அந்த ஊர் கடிகாரத்தின் சட்டம் வேறு ஒரு புராணம். ஆள் கோட்டுக்கு வெளியே போனால் நிற்கும், உள்ளே விழுந்தால் ஓடும், வெளியே போய் நின்றதுகூட சில நேரத்தில் சீக்கிரமே மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவனுக்கே எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று சந்தேகம் வருகிறது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எல்லா ஊர்லயும் இதே களவாணித்தனம்தானா?" என்றார். கேள்வி கேட்டவருக்கு ஒரு திருப்தியும் இருந்த மாதிரித் தெரிந்தது.

எங்கள் வீட்டில் நிஜமாகவே மனம் விட்டுப்போனது 2021-22 சீசனில். கொரோனாவால் பெங்களூருவில் ஆள் இல்லாத அரங்கில் ஆடினார்களே, அந்த சீசன். தமிழ் தலைவாஸ் முதல் ஆட்டத்திலேயே தெலுங்கு டைட்டன்ஸுடன் 40-40 என்று சமன். சரி, நல்ல ஆட்டம் என்று விட்டோம். அப்புறம் பார்த்தால் அடுத்தடுத்து சமன். 22 ஆட்டத்தில் 6 சமன்! ஜெயித்ததே ஐந்துதான்.

இந்தச் சமன்கள் எப்படி வந்தன என்று அத்தைக்கு விளக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. அப்போது இருந்த கணக்குப்படி ஜெயித்தால் 5 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 3. ஏழு புள்ளி அல்லது அதற்குக் குறைவாகத் தோற்றால் ஆறுதலாக 1. இப்போது கடைசி அரை நிமிடம், ஸ்கோர் சமம், ரைடு உங்களுடையது என்று வையுங்கள். ஏறிப்போய் ஜெயித்தால் கூடுதலாக இரண்டு புள்ளி கிடைக்கும். மாட்டிக்கொண்டால் இரண்டு புள்ளி நஷ்டம். சும்மா நின்றால் மூன்று நிச்சயம். எதிரணிக்கும் அதே மூன்று நிச்சயம், அவர்களும் பிடிக்க வரமாட்டார்கள். ரைடர் நிற்பார், ஏழு பேரும் நிற்பார்கள், சங்கு ஊதும், எல்லோரும் கைகொடுத்துக்கொள்வார்கள்.

அதைவிட மோசம் அந்த ஆறுதல் புள்ளி. ஆறு புள்ளி பின்னால் இருக்கிற அணி, ஒரு நிமிடம் மீதி. ஜெயிக்க வழியில்லை. ஏறிப்போய் மாட்டிக்கொண்டு வித்தியாசம் எட்டாகிவிட்டால் அந்த ஒரு புள்ளியும் போய்விடும். ஆகவே தோற்றுக்கொண்டிருக்கிறவரும் நேரத்தைக் கடத்துவார்! ஜெயிப்பவரும் கடத்துகிறார், தோற்பவரும் கடத்துகிறார். இரண்டு பேருக்கும் ஒரே எதிரி, கடிகாரம் ஓடி முடியாதா என்று இருவரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அரங்கத்தில் அந்த நிமிடத்தில் ஆட்டம் வேண்டும் என்று நினைப்பது டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும்தான்.

"தோக்குறவனுமா நிக்கிறான்?" என்று மூன்று தடவை கேட்டார் அத்தை. மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு சீரியலுக்கு மாறிவிட்டார். ஒரு சீசன் முழுக்க. என் ஞாபகத்தில் அந்த வீட்டில் இதைவிடப் பெரிய போராட்டம் நடந்ததில்லை.

இந்தக் கூத்தைப் பார்க்கிறவர்கள் மட்டுமல்ல, நடத்துகிறவர்களும் உணர்ந்திருக்கவேண்டும். 2025-ல் பன்னிரண்டாவது சீசனில் இந்தப் புள்ளிக் கணக்கைத் தூக்கிப்போட்டார்கள். ஜெயித்தால் 2, தோற்றால் சைபர். ஆறுதல் புள்ளி இல்லை. சமன் என்பதே இல்லை. ஸ்கோர் சமமானால் ஆளுக்கு ஐந்து ரைடு வைத்து முடிவு, அதிலும் சமமானால் கோல்டன் ரைடு. அத்தையைத் திரும்பக் கூட்டிவர இதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்தார். முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. ஸ்கோர் சமமாக இருக்கும்போது ரைடர்களின் காலில் ஒரு துடிப்பு வந்துவிட்டது. ஒரு எண்ணை மாற்றினால் மனிதனின் கால் மாறுகிறது, பாருங்களேன்.

கூடைப்பந்தில் இது எப்போதோ நடந்த கதை. 1950 நவம்பர் 22. அமெரிக்காவில் ஃபோர்ட் வெய்ன் என்ற அணிக்கும் மினியாபொலிஸ் அணிக்கும் ஆட்டம். எதிரணியில் பலசாலி ஒருவர் இருக்கிறார் என்று ஃபோர்ட் வெய்ன்காரர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஸ்கோர் 19-18. கால்பந்து ஸ்கோர் இல்லை, கூடைப்பந்து ஸ்கோர்! இப்படியே போனால் கூட்டம் வராது என்ற நிலை வந்தபோது, சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பயசோன் ஒரு காகிதக் கணக்கு போட்டார். நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை பந்து எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. வகுத்தால் 24. இனி 24 நொடிக்குள் எறியவேண்டும் என்று 1954-ல் விதி வந்தது. இன்று வரை அந்த 24 மாறவில்லை. கால்பந்திலும் 2022 கத்தார் உலகக்கோப்பையில் வீணான நேரத்தையெல்லாம் கூட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் மட்டும் இரண்டு பாதியிலும் சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆடினார்கள்.

கபடியில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். தோற்பவர் நிற்பது நின்றுவிட்டது, சமனுக்காக நிற்பதும் நின்றுவிட்டது. ஜெயித்துக்கொண்டிருப்பவர் நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அதே சமயம் கடிகாரம் நிற்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி ஞாபகமிருக்கிறதா? இந்தியாவும் ஈரானும் 28-28. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் மீதி. பவன் செராவத் டூ ஆர் டை ரைடுக்குப் போனார், யாரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்துவிட்டார், பின்னாலேயே ஈரான்காரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி ஒரு தீர்ப்பு, புது விதிப்படி ஒரு தீர்ப்பு. நடுவர்கள் மாற்றி மாற்றிச் சொல்ல, இரண்டு அணியும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டன. கடிகாரம் நின்றது நின்றதுதான், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. தங்கம் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு அத்தை, "ஒரு நிமிசம் ஆடுறதுக்கு ஒரு மணி நேரம் பேசுறாங்களே, நம்ம பஞ்சாயத்து தேவலாம்" என்றார். அவருக்குத் தங்கமே ஆனாலும் தராசு ஒன்றுதான்.

இதெல்லாம் டி.வி.யில் நடக்கிற வரை பொழுதுபோக்கு. வீட்டுக்குள் வந்தபோது அப்படி இல்லை.

பொங்கலுக்கு எங்கள் பக்கம் ராத்திரி முழுக்கக் கபடி நடக்கும். போகஸ் லைட், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, நுழைவுக் கட்டணம் கட்டி வந்திருக்கிற முப்பது நாற்பது அணிகள். 15 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் இடைவேளை, மறுபடி 15. நேரம் பார்ப்பது யாரோ ஒருவருடைய செல்போன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவன் அணி அரையிறுதியில் ஒரு புள்ளி பின்னால். இரண்டு நிமிடம் மீதி. எதிரணி என்ன செய்தது தெரியுமா? முதல் ஆள் வந்து 30 நொடி நின்றான். அடுத்து ஒருவனுக்கு முழங்காலில் துணி கட்டவேண்டியிருந்தது. அடுத்து ஒருவன் நடுவரிடம் போய் ஸ்கோர் கேட்டான். அடுத்து ஒருவனுக்குக் கண்ணில் மண். செல்போன் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. விசில் ஊதியபோது எங்கள் பையன்கள் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு ரைடுதான் போயிருந்தார்கள். பெரியவன் அன்றைக்கு விடியற்காலை வந்து, சாப்பிடாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுவருஷம் அவன் அணி இரண்டு புள்ளி முன்னால். கடைசி ரைடு அவனுடையது. போனான். பாக் லைனைத் தாண்டினான். திரும்பி வந்து நடுக்கோட்டுப் பக்கத்தில் நின்றான். இடது பக்கம் இரண்டு அடி, வலது பக்கம் இரண்டு அடி.

பெண்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து நின்றார். ஒலிபெருக்கிக்கு மேலே கேட்டது அவர் குரல். "டேய், ஆடப் போனியா, நிக்கப் போனியா?" கூட்டம் சிரித்தது. பையன் காதில் விழாத மாதிரி நின்றான். ஜெயித்தார்கள். கோப்பை வந்தது, வீட்டில் அலமாரி மேல் வைத்தோம். அத்தை அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாலு நாள் பேரனிடம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவனே போய் உட்கார்ந்தான். "அப்பாயி, நான் ஏறிப் போயி மாட்டிக்கிட்டா அவங்களுக்குப் பாயின்ட்டு. அவுட்டான அவங்க ஆளு ஒருத்தன் உள்ள வருவான். நின்னா ஜெயிப்போம். ரூல்ல நிக்கலாம்னு இருக்கு. நீ என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

"உங்க தாத்தா நின்னதில்ல."

"தாத்தாவுக்கு வாட்ச் இல்ல அப்பாயி. நின்னா அவருக்கு மூச்சு போயிடும். எனக்கு மூச்சு நிறைய இருக்கு, நேரந்தான் போவுது."

அத்தை பதில் சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்து நீவ ஆரம்பித்தார். அவர் பதில் சொல்லாமல் விட்ட வாதத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லியாகவேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது ராத்திரிப் பொழுது. ஆடுகிற பையன்களுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ரயில்வே, போலீஸ், வங்கி என்று அணிகள் இருக்கின்றன. தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போன சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை தூக்கினார். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி அர்ஜுனா விருது வரைக்கும் போனார். 'பைசன்' படம் வந்த பிறகு அவர் பெயர் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இவர்களைப் பார்த்துதான் எங்கள் பையன்கள் வெயிலில் மண் கொத்தி ஆடுகளம் போடுகிறார்கள். ஜெயித்த அணியில் இருந்தால் நாலு பேர் கண்ணில் படும். தோற்ற அணியில் அழகாக ஆடியவனை யார் கூப்பிடுகிறார்கள்?

இன்னொன்றையும் சொல்கிறேன், அத்தைக்குத் தெரியவேண்டாம். அவன் நடுக்கோட்டுப் பக்கத்தில் நிற்கும்போது எனக்குள் ஒரு நிம்மதி. ஏழு பேர் ஒன்றாக மேலே விழுந்து, அடியில் கிடக்கிறவன் முழங்கால் என்ன ஆயிற்றோ என்று எழுந்து பார்க்கிற அந்த இரண்டு நொடி தாய்க்குத்தான் தெரியும். ரசிகை 'ஏறு, ஏறு' என்று கத்துவாள். அம்மா 'நில்லுடா சாமி' என்று வேண்டிக்கொள்வாள். நான் இரண்டும் ஒரே ஆள்.

அதனால் எனக்குப் பையன்கள் மேல் கோபம் இல்லை. முழங்கால் போடுகிற அந்த அமெரிக்க ஆள் மேலும் இல்லை. நிற்பதற்குக் கூலி கொடுத்தால் நிற்கத்தான் செய்வார்கள். கேட்கவேண்டியது கூலி கொடுப்பவரை. லீக் நடத்துகிறவர்கள் சமனுக்கு வைத்திருந்த கூலியை 2025-ல் நிறுத்தினார்களே, அதே மாதிரி கடைசி இரண்டு நிமிடத்துக்கும் ஒன்று செய்யலாம். ஒன்று, அந்த இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு ரைடு முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்தி, அடுத்த ரைடர் நடுக்கோட்டைத் தாண்டும்போது ஓடவிடலாம். இல்லையென்றால் அந்த இரண்டு நிமிடத்துக்கு எல்லா ரைடும் டூ ஆர் டை என்று ஆக்கிவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஏனென்றால் அதில் முன்னிலைக்காரருக்கும் பின்தங்கியவருக்கும் ஒரே சட்டம். ஆனால் முழங்கால் விஷயமும் இருக்கிறது. களைத்துப்போன காலோடு எல்லா ரைடிலும் ஏறச் சொல்வது லேசான காரியம் இல்லை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் விழாக் கமிட்டிக் கூட்டத்தில் பெரியவன்தான் இதை எடுத்தான். அவன் எடுத்ததில் எனக்கே ஆச்சரியம். நாலு நாள் பேசாமல் இருந்தது உள்ளே எங்கேயோ குத்தியிருக்கவேண்டும். பெரியவர்களில் பாதிப்பேர் "சங்கத்து ரூலை நாம எப்பிடி மாத்துறது?" என்றார்கள். "மூச்சை எடுத்துட்டு வாட்சைக் கொண்டாந்தப்ப யாரைக் கேட்டாங்க?" என்று வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை கேட்டார். கமிட்டியில் அவர் உறுப்பினர் இல்லை. அவரை எழுந்து போகச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. கடைசியில் இறுதிப் போட்டிக்கு மட்டும் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு விதியையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். கடைசி இரண்டு நிமிடம் ரைடுக்கு ரைடு வாட்ச் நிற்கும், வெற்று ரைடும் கிடையாது. செல்போன் வேண்டாம் என்று ஸ்கூல் பி.டி. வாத்தியாரிடம் ஸ்டாப் வாட்ச் இரவல் வாங்கினார்கள்.

இறுதி ஆட்டம் தொடங்கும்போது மணி இரண்டரை. பெரியவன் அணி அதற்கு முன்பே தோற்று வெளியே வந்துவிட்டது, அவன் நேரம் குறிக்கிறவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது ஒரு அணி நாலு புள்ளி முன்னால். வேறு வருஷமாக இருந்தால் பெண்கள் அப்போதே நாற்காலியை மடக்கியிருப்பார்கள். முதல் ரைடர் ஏறினான், மாட்டினான். அடுத்தவன் ஏறினான், ஒருவனைத் தொட்டு வந்தான். முன்னிலையில் இருந்தவர்களும் ஏறித்தான் ஆகவேண்டும், ஏறினார்கள், ஒருவன் போனஸ் எடுத்தான், இன்னொருவனை நாலு பேர் சேர்ந்து மண்ணில் அமுக்கினார்கள். தூங்கிப்போயிருந்த குழந்தைகளை எழுப்பிக் காட்டினார்கள். கடைசியில் ஜெயித்தது முன்னிலையில் இருந்த அதே அணிதான், ஒரே ஒரு புள்ளியில்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்று பெரியவன் தன் செல்போனில் தனியாகக் குறித்திருந்தான். ஒன்பது நிமிடம் சொச்சம். ஜெனரேட்டர்காரர் டீசல் கணக்கில் அதைச் சேர்த்துக் கேட்டார். கமிட்டிக்காரர்கள் இழுத்தடித்தார்கள். அத்தை முந்தானையை அவிழ்த்து நூறு ரூபாயை எடுத்து நீட்டி, "இந்தா, அந்த ஒம்போது நிமிசம் என் கணக்கு" என்றார்.